நூலக வரியும் ஒழுகிய கூரையும்: ஒரு கிளை நூலகத்தின் இரண்டு ஆண்டுகள்

ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பேரூராட்சி, அதில் ஒரு கிளை நூலகம். 2022 மழைக்காலத்தில் தொடங்கி 2024 கடைசி வரை நடந்தது. இதை எழுதுகிறவன் அந்த நூலகத்தின் வாசகர் வட்டத்தில் பொருளாளர். எங்களைப் போலவே மனுவும் கையுமாக அலைகிற வாசகர் வட்டங்கள் பல ஊர்களில் உண்டு. அவர்களுக்குப் பயன்படட்டும் என்று எங்கள் தப்புகளையும் விடாமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் வரைவு எழுதி, திருத்தி, அலைந்ததன் பலன் அது. அன்றைக்குக் கல்வி அமைச்சராக இருந்தவர் அவினாசிலிங்கம் செட்டியார். சொத்து வரியோடு ஒட்டிக்கொண்டு வரும் நூலக வரி அந்தச் சட்டத்தில் பிறந்தது. ஆரம்பத்தில் ரூபாய்க்கு 6 பை (பழைய காலத்துச் சிறு நாணயம்). இப்போது ரூபாய்க்கு 10 காசு, அதாவது சொத்து வரியில் பத்தில் ஒரு பங்கு. வசூலிப்பது உள்ளாட்சி, செலவழிப்பது மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்துகிற மாவட்ட நூலக ஆணைக்குழு. வசூலித்தவர் கொண்டுபோய்ச் செலவழிப்பவரிடம் கட்ட வேண்டும். அரசு மானியமும் அந்த நிதியில்தான் வந்து சேரும். கேட்க எளிமையாக இருக்கிறது. எங்கள் இரண்டு வருடமும் இந்த நாலு வாக்கியத்துக்குள்தான் போயிற்று.

எங்கள் நூலகம் 1960களில் கட்டியது. முன்பக்கம் ஓடு போட்ட கூடம், பின்பக்கம் பிற்பாடு சேர்த்த கான்கிரீட் அறை ஒன்று. காலையில் பெரியவர்கள் பேப்பர் படிக்க வருவார்கள். பகலில் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் சின்னப் பிள்ளைகள். நூலகர் ஒரே ஒருவர். பக்கத்து ஊர் நூலகமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது என்பதால் வாரத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே. ஒரு காலத்தில் ஆறு நாளிதழ் வந்த இடத்தில் அப்போது இரண்டு வந்துகொண்டிருந்தது.

முதலில் கண்டது

2022 வடகிழக்குப் பருவமழையில் ஒரு ராத்திரி கான்கிரீட் அறையின் கூரை நன்றாகவே ஒழுகிவிட்டது. குழந்தைகள் அலமாரியும் அதற்கு அடுத்த வரலாற்று அலமாரியும் நனைந்தன. மறுநாள் நூலகர் தாள்களுக்கு நடுவே பழைய பேப்பரைச் செருகி, புத்தகங்களைக் கூடத்தில் பரப்பி வைத்திருந்தார். பாதி தேறியது.

அதே சமயத்தில்தான் ஊரில் புதிய சொத்து வரிக் கேட்பு, அதாவது இவ்வளவு கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு, வந்திருந்தது. 2022 ஏப்ரலில் மாநிலம் முழுக்கச் சொத்து வரியை உயர்த்தினார்கள், அறிவிப்பில் 25 சதவீதத்திலிருந்து 150 சதவீதம் வரை. வரி ஏறினால் அதில் பத்தில் ஒரு பங்கான நூலக வரியும் தானாக ஏறும். எங்களில் ஒருவர் ரசீதைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "வரி ஏறிடுச்சு, கூரை இறங்கிடுச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் யாருக்கோ அந்தக் கேள்வி வந்தது: இந்தப் பணம் எங்கே போகிறது?

முதல் முடிவு: மனு

கேள்விக்குப் பதில் தேடாமல் நேரே ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுத்தோம். நூலகம் பராமரிப்பில்லாமல் கிடக்கிறது, புத்தகங்கள் நனைந்து வீணாகின்றன, உடனே நடவடிக்கை வேண்டும் என்று எழுதியிருந்தோம். படம் எடுத்துக்கொண்ட உள்ளூர் நிருபர் ஒருவர் செய்தியும் போட்டார். செய்தியில் "ஊழியர் அலட்சியம்" என்ற இரண்டு வார்த்தை எப்படியோ புகுந்துவிட்டது.

மனு போக வேண்டிய மேசைக்கெல்லாம் போய், கடைசியில் நூலகருக்கு விளக்கம் கேட்டு மெமோவாக வந்து விழுந்தது. ஒழுகுகிறது என்று அதற்கு முன்பே மூன்று முறை மேலிடத்துக்கு எழுதியவர் அவர். நாங்கள் அதைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. "மனு போடுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் எங்களோடு வேலை விஷயம் தவிர வேறெதுவும் பேசவில்லை.

இந்த நிகழ்வில் ஈடு செய்ய முடியாமல் போன நஷ்டம் என்றால் என்னைப் பொறுத்தவரை இதுதான். கூரையைப் பிறகு சரிசெய்துகொள்ள முடிந்தது.

இரண்டாவது முடிவு: தகவல் உரிமை விண்ணப்பம்

2023 தொடக்கத்தில் வட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வந்தார். கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "அரசாங்கத்துல பணம் எங்கன்னு தெரியணும்னா ஆளைக் கேக்காதீங்க, பதிவேட்டைக் கேளுங்க" என்பது அவர் கொள்கை. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி விண்ணப்பம் அனுப்பினோம்.

முதல் விண்ணப்பத்தை அவருக்குக் காட்டாமலே அனுப்பினது எங்கள் அவசரம். "எங்கள் ஊரில் வசூலான நூலக வரியில் எங்கள் நூலகத்துக்கு எவ்வளவு செலவிடப்பட்டது?" என்று மாவட்ட நூலக அலுவலகத்தைக் கேட்டிருந்தோம். முப்பது நாளில் பதில் வந்துவிட்டது: ஊர் வாரியாக அப்படிக் கணக்கு பராமரிக்கப்படுவதில்லை. மறைக்கிறார்கள் என்று எங்களில் பாதிப் பேர் கொதித்தார்கள். உண்மையில் கேள்விதான் தப்பு. இல்லாத பதிவேட்டைக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

இரண்டாவதை அவரே எழுதினார். இந்த முறை பேரூராட்சிக்கு. மூன்று நிதியாண்டுகளின் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலில் நூலக வரிப் பத்தி மட்டும். நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்திய தொகை, தேதி, காசோலை எண். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் நூலக வரி பற்றி ஏதாவது குறிப்பு இருந்தால் அதன் நகல். கருத்தையோ விளக்கத்தையோ அவர் எங்குமே கேட்கவில்லை, நகல் மட்டும்தான்.

முப்பது நாளில் பதில் இல்லை. முதல் மேல்முறையீட்டுக்குப் பிறகு வந்தது. ஒரு நிதியாண்டில் வசூலான நூலக வரி முழுதும் செலுத்தப்படவில்லை. மற்ற இரண்டு ஆண்டிலும் ஒரு பகுதிதான் போயிருக்கிறது. மூன்றாவது நகலில் ஒரு தணிக்கைத் தடை இருந்தது: வசூலித்த நூலக வரி உரிய கணக்குக்கு மாற்றப்படவில்லை. தணிக்கையாளர் எங்களுக்கு முன்பே கண்டுபிடித்து எழுதி வைத்துவிட்டார். படித்தவர்தான் யாரும் இல்லை.

செயல் அலுவலரின் பக்கம்

நகல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினோம். பத்திரிகைக்குக் கொடுக்கலாம் என்று ஒரு தரப்பு. மெமோ விஷயம் மனதில் இருந்ததால் முதலில் பேரூராட்சி நிர்வாகத்தைப் பார்க்கும் செயல் அலுவலரைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

அவர் மறுக்கவில்லை. வரியெல்லாம் ஒரே கணக்கில் வந்து விழுகிறது, தெருவிளக்கு மின்கட்டணம் கட்ட வேண்டும், கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் கட்ட வேண்டும், தூய்மைப் பணியாளர் கூலி தள்ளிப்போட முடியாது என்று வரிசையாகச் சொன்னார். "எடுத்துத் தின்னுடல சார். ஊருக்குத்தான் செலவாச்சு." அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. தெருவிளக்குக்குப் பாக்கி வைத்தால் மின்வாரியம் விளக்கை அணைக்கும், மறுநாளே ஊர் திரண்டு வரும். நூலகப் பாக்கிக்கு யாரும் எதையும் அணைப்பதில்லை, இரண்டு நாளிதழ் குறையும். நெருக்கடியான மாதத்தில் எந்தப் பாக்கி பின்னால் போகும் என்று தனியாக யாரும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

ஆனாலும் அது பேரூராட்சியின் பணம் இல்லை. வேறொருவருக்காக வசூலித்துக் கையில் வைத்திருக்கிற பணம். தணிக்கைத் தடையின் பத்தி எண்ணைக் குறிப்பிட்டு பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கு ஒரு கடிதம், நகல் மாவட்ட நூலக அலுவலருக்கு. கூடவே எங்கள் வார்டு உறுப்பினரிடம் சொல்லி மன்றக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வைக்கச் செய்தோம். 2022 பிப்ரவரியில்தான் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்து மன்றம் வந்திருந்தது. புது உறுப்பினர்கள் பலருக்கு நூலக வரி என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. நிலுவையைத் தவணையாகக் கட்டுவதென்று தீர்மானம் ஆயிற்று. 2024 மார்ச்சுக்குள் பெரும்பகுதி கட்டிவிட்டார்கள். கடைசித் தவணை ஒன்று நின்றது.

பணம் போனது, எங்களுக்கு வரவில்லை

தீர்மானம் ஆன கையோடு, வென்றுவிட்டோம் என்று லட்டு வாங்கிக்கொண்டு மாவட்ட நூலக அலுவலரைப் பார்க்கப் போனோம். அவர் லட்டை எடுத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்க ஊர்ப் பணம் உங்க ஊருக்குன்னு தனியா வராது சார். எல்லாம் ஒரே நிதிதான்."

வாடகைக் கட்டடங்களின் வாடகை, மின்கட்டணம், நாளிதழ் பில், பழுது எல்லாமே மாவட்டத்துக்குப் பொதுவான நிதியிலிருந்து போகிறது. எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஓர் ஊர்ப்புற நூலகம் இருக்கிறது. அந்த ஊரில் வசூலாகிற நூலக வரியை வைத்துக்கொண்டு அதன் மின்கட்டணத்தைக்கூடக் கட்ட முடியாது. எங்கள் ஊர், நகராட்சி, பெரிய கடைவீதி உள்ள ஊர்களின் வரி சேர்ந்துதான் அது திறந்திருக்கிறது. "எங்கள் வரி எங்களுக்கு" என்று நாங்கள் ஒரு வருடம் பேசியது அந்த நூலகத்தை மூடச் சொன்னதற்குச் சமம். வண்டியில் திரும்பி வரும்போது யாரும் அதிகம் பேசவில்லை.

இன்னொன்றும் அவர் சொன்னார். நிதி இருந்தாலும் உங்கள் கூரையில் ஒரு ரூபாய் செலவழிக்க முடியாது, ஏனென்றால் கட்டடம் இருக்கும் இடம் ஆணைக்குழுவின் பெயரில் இல்லை. நூலகர் மூன்று முறை எழுதியும் கோப்பு நகராமல் நின்ற காரணம் இதுதான். அந்த மூன்று கடிதத்துக்கும் இதை யாரும் அவருக்குப் பதிலாக எழுதவில்லை.

பட்டா

வாசலில் கல்வெட்டு இருக்கிறது. இன்னார் தம் நிலத்தை நூலகத்துக்குத் தானமாக அளித்தார் என்று அழகாகப் பொறித்து, திறந்து வைத்த அமைச்சர் பெயரும் போட்டிருக்கிறது. அறுபது வருடமாக எல்லோரும் அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே செருப்பைக் கழற்றியிருக்கிறோம். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் எந்தப் பரிமாற்றமும் இல்லை. தானப் பத்திரம் பதிவாகவே இல்லை. பட்டா இன்னும் அந்தப் பெரியவர் பெயரில். அவர் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

நாலு சென்ட் இடம். பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கம் என்பதால் இன்றைக்கு நல்ல விலை. வாரிசுகள் மூன்று வழி. கேட்கப் போகும்போதே பயந்துதான் போனோம். கேட்டால் இடம் தங்களுடையது என்று அவர்களுக்கே ஞாபகப்படுத்தியதாகிவிடுமே! சும்மா இருந்தால் இன்னும் அறுபது வருடம் ஓடும் என்று எங்களில் ஒருவர் சொன்னது நியாயமாகக்கூடப் பட்டது. ஆனால் கூரை அறுபது வருடம் தாங்காது.

கோயம்புத்தூரில் இருந்த மூத்த பேரன் கேட்ட மாத்திரத்தில், "தாத்தா கொடுத்ததுதானே, நான் என்ன புதுசா கொடுக்கப்போறேன்" என்று ஒத்துக்கொண்டார். உள்ளூரில் இருந்த அத்தை வீட்டார் ஆறு மாதம் பிடி கொடுக்கவில்லை. அவர்களுக்குப் பணம் பிரச்சினை இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. கூரை வேலை என்று இடித்துக் கட்டினால் கல்வெட்டை எடுத்துவிடுவார்களோ, புதுசாக யாராவது தங்கள் பெயரைப் போட்டுக்கொள்வார்களோ என்ற வருத்தம். இதை அவர்கள் வாயிலிருந்து வரவழைத்தது நூலகர்தான். அவர்கள் வீட்டுப் பிள்ளை சின்ன வயதில் அந்த நூலகத்தில் படித்தவன், நூலகருக்குப் பழக்கம். கல்வெட்டு அதே இடத்தில் இருக்கும் என்று பத்திரத்திலேயே ஒரு வரி சேர்த்தோம். மூன்றாவது வழியில் ஒருவர் துபாயில். அங்கே இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரம் முடித்து அனுப்பினார்.

வாரிசுச் சான்றிதழ், அதிகாரப் பத்திரம், தானப் பத்திரம், பட்டா மாறுதல். இந்த நாலு சொல்லுக்குப் பின்னால் ஏழெட்டு மாதம் இருக்கிறது. 2024 ஜூனில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு முடிந்தது. பட்டா ஆணைக்குழுவின் பெயருக்கு வந்தது.

கூரை

பட்டா வந்த பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஆணைக்குழுவின் பழுதுநிதிக்குக் காத்திருந்தால் வரிசையில் எங்களுக்கு முன்னால் பல கட்டடம். "நமக்கு நாமே" திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு தரும். பொதுச் சொத்து என்று காகிதம் வேண்டும், அது இப்போது கையில் இருந்தது. ஊரிலும் வெளியூரிலும் இருக்கிற பழைய வாசகர்களிடம் வசூலித்தோம். பெரிய தொகை என்று யாரும் தரவில்லை. ஐந்நூறும் ஆயிரமுமாகச் சேர்ந்தது. துபாய்க்காரர் அனுப்பியதும் அதில் உண்டு. வரைவோலை எடுத்துக் கொடுத்தோம், ஆட்சியரின் நிர்வாக ஒப்புதல் வந்தது, பேரூராட்சி ஒப்பந்தம் விட்டது. பாக்கி வைத்த அதே பேரூராட்சிதான் வேலையைச் செய்து கொடுத்தது, நன்றாகவே செய்தது. அந்த வருட மழை ஆரம்பித்து ஒரு வாரம் தார்ப்பாயோடு ஓட்டினோம், பிறகு கூரை முடிந்தது.

நடுவில் ஒரு நாள் வேன் பிடித்து மதுரை போய், 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பார்த்து வந்தோம். பொறாமையாகத்தான் இருந்தது. "இதுல ஒரு ஜன்னல் காசு போதுமே நமக்கு" என்று ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் தோன்றுகிற பேச்சுதான், ஆனால் கணக்குக்கு நிற்காது. அது அரசு அறிவித்துத் தனியாகப் பணம் ஒதுக்கிக் கட்டிய கட்டடம். எங்களுடையது மாவட்ட நிதியில் ஒரு பழுது வேலை. அங்கே ஒரு ஜன்னலைக் குறைத்தால் அந்தக் காசு இங்கே வரும் வழி எதுவும் இல்லை. எங்கள் பட்டா சரியாகாத வரை, வந்தாலும் இறங்க இடம் இல்லை.

மறுபடி செய்வதென்றால்

முதலில் நூலகரைக் கேட்போம். கேட்டிருந்தால் மூன்று கடிதங்கள் எங்கே நிற்கின்றன என்று தேடிப்போயிருப்போம், பட்டா விஷயம் முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். மெமோவும் வந்திருக்காது.

பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் முதல் வாரத்திலேயே எடுப்போம். கட்டடம் யாருடையது என்று தெரியாமல் எந்த நிதியையும் கேட்டுப் பயனில்லை. பேரூராட்சியின் இடமா, ஆணைக்குழுவின் இடமா, வாடகையா, வாய்மொழித் தானமா என்பதைப் பொறுத்துக் கதவைத் தட்டும் அலுவலகமே மாறும். எங்களுக்குத் தெரிந்து இன்னும் இரண்டு ஊர் நூலகத்தில் கல்வெட்டு இருக்கிறது, பத்திரம் இல்லை.

நூலக வரி நிலுவையைக் கேட்டது வீண் என்று சொல்ல மாட்டேன். கூரைக்கு அது உதவவில்லை என்பது உண்மை. ஆனால் கட்டிய பணம் மாவட்டத்தில் எங்கோ யாருக்கோ நாளிதழாகவும் வாடகையாகவும் போயிருக்கும். இப்போது ஒவ்வோர் ஏப்ரலிலும் பேரூராட்சிக்கு ஒரு விண்ணப்பம் போடுகிறோம்: போன ஆண்டின் கேட்பு, வசூல், செலுத்திய தேதி. கருவூலத்துக்காரர் எழுதிக் கொடுத்த அதே வாசகம், ஆண்டை மட்டும் மாற்றுகிறோம். செயல் அலுவலர் மாறிவிட்டார். புதியவர் போன தடவை விண்ணப்பம் வருவதற்கு முன்பே பணத்தைக் கட்டிவிட்டு, நகலை நூலகத்துக்கே கொடுத்தனுப்பினார்.

பத்திரிகையிடம் போவதைப் பற்றி வட்டத்தில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. செய்தி வந்திருந்தால் தவணை இன்னும் சீக்கிரம் கட்டியிருப்பார்கள் என்று இரண்டு பேர் இப்போதும் சொல்கிறார்கள். இருக்கலாம். நூலகரின் மெமோவுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த மறுப்புக் கடிதம் அவருடைய கோப்பில் சேர்ந்ததா என்பதை மட்டும் இன்னும் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நாளிதழ் இப்போது நாலு வருகிறது. இரண்டு ஆணைக்குழுவின் கணக்கில், இரண்டு எங்கள் கணக்கில். நூலகர் இன்னமும் பாதி வாரம்தான் இங்கே இருக்கிறார். நூலகர் காலியிடம் பற்றிக் கேட்ட தகவல் உரிமை விண்ணப்பத்துக்குப் பதில் வர வேண்டும். முப்பது நாள் வரும் பதினேழாம் தேதியோடு முடிகிறது.